மூன்று லட்சத்தில் ஒன்று

வகுப்பில் வரும் கேள்விகளில் பல அங்கேயே பதில் சொல்லித் தீர்ந்துவிடும். சில மட்டும் வீடு வரைக்கும் கூடவே வரும். இதயத் தசைக்கே ரத்தம் கொடுக்கும் இடது கரோனரி தமனி, உடம்பு முழுக்க ரத்தம் கொண்டுபோகும் மகாதமனியிலிருந்து கிளம்பாமல் நுரையீரல் தமனியிலிருந்து கிளம்பும் பிறவிக் கோளாறைப் பற்றி அன்று பேசி முடித்திருந்தேன். எங்கள் வட்டாரத்தில் இதை அல்காபா என்று சுருக்கிச் சொல்வோம். கடைசி வரிசையில் இருந்த பயிற்சி மருத்துவர் கை தூக்கினார். "மேடம், மூன்று லட்சம் பிறப்புகளில் ஒன்று என்று நீங்களே சொன்னீர்கள். ஒரு குழந்தைகள் டாக்டர் வாழ்நாள் முழுக்க ஒரு கேஸ்கூடப் பார்க்காமலே ஓய்வு பெற்றுவிடலாம். அதற்காக எக்கோவுக்கு வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் கரோனரியைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா?"

குதர்க்கமாகக் கேட்கவில்லை. எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுக்கும் அறைக்கு வெளியே காத்திருக்கும் கூட்டத்தைத் தினமும் பார்க்கிறவர் அவர். அழுகிற கைக்குழந்தையின் மார்பில் ஸ்கேன் முனையான ப்ரோப்பை வைத்து, இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத ரத்தக்குழாயின் வாயைப் பிடிப்பது எவ்வளவு நேரம் தின்னும் என்று அவருக்குத் தெரியும். நேரமாகிவிட்டது, அடுத்த முறை பேசலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். தவறவிட்டால் உயிர் போகும் என்று ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அதை நூறு நோய்களைப் பற்றிச் சொல்லலாம். அவர் கேட்டது நேரத்தை எங்கே செலவழிப்பது என்று. அதற்கு ஒழுங்கான பதில் வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

முதலில் அந்தக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். மூன்று லட்சத்தில் ஒன்று என்பது பிறக்கிற எல்லாக் குழந்தைகளையும் வைத்துச் சொன்னது. என் அறைக்கு வருவது அந்த மூன்று லட்சம் பேர் இல்லை. பிறந்து இரண்டு மூன்று மாதம் ஆன குழந்தை, இதயம் பெருத்து, இடது கீழறை விரிந்து, சுருங்கத் திராணியில்லாமல் இருக்கிறது என்றால், அந்தக் குழந்தை ஏற்கெனவே ஒரு சின்னக் கூட்டத்துக்குள் வந்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் அல்காபா அரிய நோயே அல்ல, முதல் சில சந்தேகங்களில் ஒன்று. அங்கே இருக்கும் மற்றவற்றை, அதாவது வைரஸ் தாக்கிய இதயத் தசை, வளர்சிதை மாற்றக் கோளாறுகள், மரபணுக் கோளாறுகள் இவற்றையெல்லாம், பெரும்பாலும் மருந்து கொடுத்துக் காத்திருந்துதான் பார்க்க வேண்டும். இது ஒன்றுக்குத்தான் அறுவை மருத்துவரிடம் நேரடியான தீர்வு இருக்கிறது. அதனால்தான் டைலேட்டட் கார்டியோமயோபதி, அதாவது விரிந்து பலவீனமான இதயத் தசை என்று மட்டும் எழுதி முடித்த எக்கோ அறிக்கையைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. இதயம் எப்படி இருக்கிறது என்று சொல்லியாயிற்று, சரி. ஏன் அப்படி ஆனது? இடது கரோனரி எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பார்த்தீர்களா?

பாட்டி கேட்டது

இந்த விஷயத்தில் என் பிடிவாதத்துக்குக் காரணமான குழந்தை ஒன்று உண்டு. மூன்று மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. பிறந்தபோது எடை சரியாக இருந்தது, முதல் மாதம் நன்றாக ஏறியது, அப்புறம் அசையவில்லை. பால் கொடுத்தால் வீறிட்டு அழுகிறது என்று வயிற்றுவலிக்குச் சொட்டு மருந்து. எதுக்களிக்கிறது என்று இன்னொன்று. மூச்சு வாங்கியபோது சளி என்று நெபுலைசர். எக்ஸ்ரேயில் இதயம் நெஞ்சுக்கூட்டை அடைத்துக்கொண்டு தெரிந்த பிறகுதான் வேறோர் இடத்தில் எக்கோ எடுத்திருந்தார்கள். அறிக்கையில் இதயத் தசை பலவீனம் என்று இருந்தது. கரோனரி தமனிகள் இயல்பான இடத்திலிருந்து தொடங்குகின்றன என்றும் ஒரு வரி.

அம்மா பேசும் நிலையில் இல்லை. பாட்டிதான் பேசினார். "டாக்டரம்மா, பால் குடிக்கிறதுக்குப் போய் பிள்ளைக்கு இப்படி வேர்க்குமா? நானும் நாலு பெத்து வளத்தேன், ஒண்ணுகூட இப்படி வேர்த்ததில்ல." கோப்பில் இருந்த எந்தத் தாளிலும் இந்த வரி இல்லை. அழுகை இருந்தது, வாந்தி இருந்தது, எடை இருந்தது. இவையெல்லாம் எப்போது வருகின்றன என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை.

அம்மாவை அங்கேயே உட்கார்ந்து பால் கொடுக்கச் சொன்னேன். பசியோடுதான் பிடித்தது. சில வாய் இழுத்தது. அப்புறம் விட்டுவிட்டது. முனகல் போல ஒரு சின்னச் சத்தம், மூச்சை வெளியே விடும்போது மட்டும். நெற்றியிலும் மேலுதட்டிலும் வியர்வை அரும்பி, தலைமுடி நனைந்து ஒட்டியது. முகம் வெளுத்தது. தொட்டுப் பார்த்தால் தலை சில்லென்றிருந்தது. இரண்டு நிமிடம் ஓய்ந்து கிடந்துவிட்டு மறுபடி பசியில் தேடியது. வயிற்றுவலிக் குழந்தையும் அழும், முறுக்கும். ஆனால் வெளுத்துப்போய் வியர்த்து ஓயாது.

கைக்குழந்தையின் ஒரு நாளில் மிகக் கடினமான உழைப்பு பால் குடிப்பதுதான். ஓடுவதில்லை, படி ஏறுவதில்லை. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் ஒருசேரச் செய்வதுதான் அதற்கு ட்ரெட்மில். அதில் ஏறும்போதெல்லாம் நெஞ்சுவலி வருகிறது, சொல்லத் தெரியவில்லை. 1933-இல் பாஸ்டனில் பிளாண்ட், ஒயிட், கார்லண்ட் என்ற மூன்று மருத்துவர்கள் ஒரு மூன்று மாதக் குழந்தையைப் பற்றி எழுதிய அறிக்கை இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். இந்த நோய்க்கே அவர்கள் பெயர்தான். பால் குடிக்கும்போது வரும் இந்த வெளுப்பையும் குளிர்ந்த வியர்வையையும் முனகலையும் அப்படியே எழுதிவைத்து, இது பெரியவர்களுக்கு வரும் இதய நெஞ்சுவலியாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார்கள். எக்கோ இல்லாத காலம். கையில் இருந்தது ஈசிஜியும் கண்ணும்தான்.

எங்கள் குழந்தையின் ஈசிஜியை எடுத்துப் பார்த்தேன். இதயத்தின் இடது பக்கத்தைக் காட்டும் முதல் லீடிலும் ஏவிஎல்லிலும் ஆழமான க்யூ அலைகள். ஐம்பது வயதுக்காரருக்கு இருந்தால் மாரடைப்பு வந்து போயிருக்கிறது என்று யாரும் சொல்லிவிடுவார்கள். மூன்று மாதக் குழந்தைக்கு என்பதால் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது.

நீலம்

அந்தக் குழாய் பிறவியிலேயே தவறான இடத்தில் இருந்தும் முதல் சில வாரங்கள் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று பெற்றோர் எல்லோரும் கேட்பார்கள். கருவில் இருக்கும்போது நுரையீரல் தமனியிலும் மகாதமனியிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான், ஆக்சிஜனிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. எங்கிருந்து கிளம்பினாலும் இதயத் தசைக்கு ரத்தம் போய்ச் சேரும். பிறந்த பிறகு நுரையீரல் விரிந்து, வாரக்கணக்கில் அங்கே அழுத்தம் இறங்கிக்கொண்டே வருகிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் இப்படித்தான் இறங்க வேண்டும். இந்தக் குழந்தைக்கு மட்டும், இடது கரோனரியைத் தள்ளிக்கொண்டிருந்த அழுத்தம் அதோடு சேர்ந்து போய்விடுகிறது.

அதோடு நின்றாலும் பரவாயில்லை. சரியான இடத்தில் இருக்கும் வலது கரோனரி சும்மா இருப்பதில்லை. கிளைக்குழாய்களை வளர்த்து இடது பக்கத்துக்கு ரத்தம் அனுப்பப் பார்க்கிறது. வாய்க்காலில் கீழே ஒரு மடை திறந்து கிடந்தால் மேட்டு வயலுக்குத் தண்ணீர் ஏறுமா? அனுப்பிய ரத்தம் தசைக்குள் நுழைவதைவிட, அழுத்தம் குறைந்த நுரையீரல் தமனிக்குள் வடிந்து போவதுதான் சுலபம். இடது கரோனரியில் ரத்தம் பின்னோக்கி ஓடத் தொடங்குகிறது. கீழறைத் தசை பட்டினியில் விரிகிறது, இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலிருக்கும் மைட்ரல் வால்வைத் தாங்கும் பாப்பிலரித் தசைகள் தழும்பேறி, வால்வு கசிகிறது. அப்படியே விட்டால் ஏறக்குறைய பத்தில் ஒன்பது குழந்தைகள் முதல் பிறந்தநாளைத் தாண்டுவதில்லை. கிளைக்குழாய்கள் மிக நன்றாக வளர்ந்த ஒரு சிலர் மட்டும் தெரியாமலே பெரியவர்களாகிவிடுவதும் உண்டு.

அன்றைய எக்கோவுக்கு வருகிறேன். இடது கீழறை எதிர்பார்த்தபடியே இருந்தது. பாப்பிலரித் தசைகள் கண்ணைக் குத்துகிற வெண்மை. மைட்ரல் கசிவு. வலது கரோனரி இருக்க வேண்டியதைவிடத் தடிமன். இவ்வளவும் ஒரே பக்கம்தான் கை காட்டின. ஆனால் இடது கரோனரியைக் கறுப்பு வெள்ளைப் படத்தில் பார்த்தால், மகாதமனியின் சுவரிலிருந்தே கிளம்புவது போலத் தெளிவாகத் தெரிந்தது! முந்தைய அறிக்கை எழுதியவர் பொய் எழுதவில்லை. அவர் பார்த்ததும் இதே படம்தான். அந்தக் குழாய் மகாதமனியை ஒட்டியே போகிறது, அங்கே இதய உறையின் ஒரு மடிப்பும் இருக்கிறது, சுவர் மெல்லியது. உண்மையில் இல்லாத வாசல் ஒன்று படத்தில் திறந்திருப்பது போலத் தெரியும். இந்த நோயில் படத்தை மட்டும் நம்பினால் அடிபடும் இடம் இதுதான்.

ரத்தம் ஓடும் திசையை நிறமாகக் காட்டும் கலர் டாப்ளரைப் போட்டேன். இதில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. இதயத்துக்குள் ஓடும் வேகமான ரத்தத்துக்கு வைத்திருக்கும் அளவிலேயே கலர் ஸ்கேலை விட்டுவிட்டால் கரோனரியின் மெதுவான ஓட்டம் திரையில் வரவே வராது. ஸ்கேலை நன்றாகக் கீழே இறக்க வேண்டும். இறக்கினால் அசைகிற எல்லாவற்றிலும் நிறம் தெறிக்கும், குழந்தை ஒரு முறை முக்கினால் திரை முழுக்க வர்ணம். செவிலியர் வாயில் ஒரு துளி சர்க்கரைத் தண்ணீர் வைத்தார். குழந்தை சப்பிக்கொண்டே கொஞ்சம் அடங்கியது. அந்த இடைவெளியில் இதயத்தின் முன்பக்கம் இறங்கும் கிளையில் நிறம் வந்தது.

ப்ரோப்பை நோக்கி வருவது சிவப்பு, விலகிப் போவது நீலம். நான் வைத்திருந்த கோணத்தில் அந்தக் கிளையில் ரத்தம் வேரிலிருந்து நுனிக்கு ஓடினால் சிவப்பாகத்தான் இருக்க வேண்டும். திரையில் நீலம். இதயம் தளரும் ஒவ்வொரு முறையும் நீலம். ப்ரோப்பைக் கொஞ்சம் சாய்த்தேன், நீலம்தான். அதைப் பின்தொடர்ந்து மேலே போனால், நுரையீரல் தமனிக்குள் பக்கச் சுவரிலிருந்து ஒரு மெல்லிய தாரை வந்து விழுந்துகொண்டிருந்தது. இருக்கக் கூடாத இடத்தில், இருக்கக் கூடாத நேரத்தில். ரத்தம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று கேட்ட பிறகு, குழாய் எங்கே ஒட்டியிருப்பது போலத் தெரிகிறது என்பதற்கு மதிப்பே இல்லாமல் போயிற்று.

இந்தத் திசைக் கேள்விக்கு ஒரு பழைய சரித்திரம் இருக்கிறது. ஆக்சிஜன் குறைந்த ரத்தம் கரோனரிக்குள் போவதுதான் பிரச்சினை என்று வெகுகாலம் நினைத்தார்கள். நுரையீரல் தமனியை இறுக்கி, உள்ளே அழுத்தத்தை ஏற்றிக்கூடப் பார்த்தார்கள். 1960-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சபிஸ்டனும், கேத்தரின் நீல், ஹெலன் டாவுசிக் இருவரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வுதான் அதைத் தலைகீழாக்கியது. அறுவையின்போது அந்தக் கரோனரியை அது கிளம்பும் இடத்தில் பிடித்து அடைத்தால், உள்ளே அழுத்தம் குறைய வேண்டியதற்குப் பதிலாக ஏறியது. அப்படியென்றால் நுரையீரல் தமனி கொடுக்கும் இடமல்ல, வாங்கும் இடம். அந்தக் கரோனரியை அது கிளம்பும் இடத்திலேயே கட்டிவிடுவதுதான் அப்போது செய்ய முடிந்த சிகிச்சை. வடிகால் அடைபட்டது, ஆனால் இதயத்துக்கு ஒரே கரோனரி என்ற நிலைமை மாறவில்லை.

ஆக்சிஜன் வேண்டாம் என்றபோது

நோயைக் கண்டுபிடித்ததும் செய்ய வேண்டியவற்றில் ஒன்று, செய்யாமல் இருப்பது. மூச்சு வாங்கும் குழந்தை ஐசியூவுக்குள் வந்தால் யாருடைய கையும் தானாக ஆக்சிஜன் முகமூடிக்குத்தான் போகும். அன்றும் போனது. ஆக்சிஜன் நுரையீரல் ரத்தக்குழாய்களை விரிக்கும், அங்கே அழுத்தம் இன்னும் இறங்கும், கரோனரியிலிருந்து வடிவது இன்னும் கூடும். வென்டிலேட்டரில் வைத்து மூச்சைக் கூட்டிவிட்டாலும் இதே கதைதான். ரத்தத்தின் ஆக்சிஜன் அளவான சாச்சுரேஷன் 95, 96 என்று நன்றாகவே இருக்கும் குழந்தைக்கு நூற்றைத் துரத்த வேண்டாம் என்று சொல்லி வைத்தோம். இளம் செவிலியர் ஒருவர் நான் நகர்ந்ததும் சகாவிடம், "மூச்சு வாங்குற பிள்ளைக்கு ஆக்சிஜன் வேண்டாங்கிறாங்க" என்று மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. திரும்பி வந்து ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினேன். அந்தப் படத்தை அவர் ஐசியூ சுவரில் ஒட்டிவிட்டார், இன்னும் இருக்கிறது.

கரோனரி சரியாக எங்கிருந்து வருகிறது என்பதில் சந்தேகம் மிச்சமிருந்தால் சிடி ஆஞ்சியோ எடுக்கலாம். எக்கோவில் எல்லாம் பட்டவர்த்தனமாக இருக்கும்போது அதற்காக அறுவையைத் தள்ளிப்போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. எங்கள் அறுவை மருத்துவருக்கும் இல்லை.

இப்போதைய அறுவை, சொல்வதற்கு எளிது. நுரையீரல் தமனியின் சுவரில் இடது கரோனரியின் வாயைச் சுற்றி ஒரு சின்ன வட்டமாக வெட்டி எடுத்து, அதைக் கொண்டுபோய் மகாதமனியில் தைப்பது. வெட்டிய இடத்தை இதய உறையின் ஒரு துண்டால் மூடுவது. பெருந்தமனிகள் இடம் மாறிப் பிறந்த குழந்தைகளுக்குக் கரோனரிகளை இடம் மாற்றித் தைத்துப் பழகிய கைகளுக்கு இது புதிதல்ல. கரோனரி எட்டாத தூரத்தில் இருந்தால், நுரையீரல் தமனிக்குள்ளேயே ஒரு சுரங்கம் கட்டி மகாதமனியோடு இணைக்கும் வழியும் உண்டு. 1979-இல் ஜப்பானில் டாகேயுச்சி சொன்னது. கஷ்டம் தையலில் மட்டும் இல்லை. இதயத்தை நிறுத்தும் மருந்தை மகாதமனிக்குள் செலுத்தினால் அதுவும் ரத்தம் போன வழியிலேயே நுரையீரல் தமனிக்குள் ஓடிவிடும். அந்த வழியை முன்கூட்டியே இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். முடிந்து பை-பாஸ் மெஷினிலிருந்து விடுவிக்கும் நேரத்தில் கீழறை இன்னும் அதே பலவீனத்தில்தான் இருக்கிறது. சில குழந்தைகளுக்கு, இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் வெளியிலிருந்து செய்யும் எக்மோ கருவியில் சில நாட்கள் இதயத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டியிருக்கும். முன்பே சொல்லி வைக்காவிட்டால், ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று பெற்றோர் நினைத்துவிடுவார்கள்.

அப்புறம் நடப்பதுதான் இந்த நோயின் பெரிய ஆச்சரியம். செத்துவிட்டது என்று நாம் நினைத்த தசையில் பெரும்பகுதி செத்திருக்காது. பட்டினியில் வேலையை நிறுத்திவிட்டுக் கிடந்திருக்கும். ரத்தம் சரியான திசையில் வரத் தொடங்கியதும் வாரங்களில், மாதங்களில் எழுந்துகொள்கிறது. மைட்ரல் வால்வை முதல் அறுவையிலேயே தொடலாமா கூடாதா என்று ஆளுக்கொரு கருத்து உண்டு. கீழறை சுருங்கிச் சரியான அளவுக்கு வரும்போது கசிவும் பெரும்பாலும் குறையும் என்பதால் விட்டுவைப்பவர் கட்சிதான் நானும். இந்தப் பாட்டியின் பேரனுக்கும் கசிவு குறைந்தது. தைத்த இடம் சுருங்குகிறதா, நுரையீரல் தமனி குறுகுகிறதா, வால்வு எப்படி என்று பார்க்க வாழ்நாள் முழுக்க வந்துகொண்டிருக்க வேண்டும். ஒரு முறை வந்தபோது எக்கோ மேசையில் அவனைப் பிடித்து வைக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

ஓடும்போதா, நிற்கும்போதா

வகுப்பில் கேட்டவருக்கு இதுவரை சொன்னதே போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். எல்லோருக்கும் தேடச் சொல்லவில்லை, உழைக்கும்போது தொல்லை வருகிற குழந்தைக்குத் தேடச் சொல்கிறேன் என்று முடித்திருப்பேன். ஆனால் அதே வகுப்பில் அடுத்துப் பேசப்போகிற கோளாறு, இந்த நேர்த்தியைக் கெடுத்துவிடுகிறது.

அதில் கரோனரி மகாதமனியிலிருந்துதான் கிளம்புகிறது. ஆனால் மகாதமனியின் அடியில் தன் பக்கத்துக் குழிவிலிருந்து கிளம்பாமல் எதிர்ப்பக்கக் குழிவிலிருந்து கிளம்பி, மகாதமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவில் புகுந்து தன் இடத்துக்கு வருகிறது. குழந்தைப் பருவத்தில் எடை ஏறும், வளர்ச்சி சரியாக இருக்கும், மார்பில் சத்தம் இருக்காது. ஓய்வில் எடுத்த ஈசிஜி சுத்தமாக இருக்கும். இரண்டு பெரிய குழாய்களுக்கு நடுவில் நசுங்குகிறது என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. நுரையீரல் தமனியின் அழுத்தம் குறைவு. அது யாரை நசுக்கும்? கரோனரியின் முதல் சில மில்லிமீட்டர் மகாதமனியின் சுவருக்குள்ளேயே ஓடுவதும், வாய் வட்டமாக இல்லாமல் கீறல் போல இருப்பதும்தான் முக்கியம் என்று இப்போது நினைக்கிறோம். வேகமாக ஓடும்போது மகாதமனி விரிந்து சுவர் இழுபடுகிறது, கீறல் இன்னும் ஒடுங்குகிறது. இதயம் மிக அதிகமாகக் கேட்கும் நேரத்தில் மிகக் குறைவாகக் கிடைக்கிறது.

2000-ஆம் ஆண்டில் பாஸோ குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒன்றை நான் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வேன். இந்தக் கோளாறோடு திடீரென இறந்த 27 இளம் விளையாட்டு வீரர்களின் விவரங்கள். இறப்பதற்கு முன் எடுத்த ஓய்வு ஈசிஜி கிடைத்தது 9 பேருக்கு, 9-ம் இயல்பு. உடற்பயிற்சி ஈசிஜி எடுத்திருந்த 6 பேருக்கும் இயல்பு. ஆனால் முன்கதை தெரிந்த 12 பேரில் 10 பேருக்கு முன்பே மயக்கமோ நெஞ்சுவலியோ ஏதோ ஒன்று வந்திருந்தது. சோதனைகள் ஒன்றும் சொல்லவில்லை, உடம்பு சொல்லியிருக்கிறது.

குழந்தைகளுக்கு வரும் நெஞ்சுவலியில் பெரும்பாலானவை இதயம் சம்பந்தப்பட்டவை அல்ல. தசை, விலா எலும்பு, இருமல், பயம். மயக்கமும் அப்படித்தான், வெயிலில் நெடுநேரம் நின்று தலைசுற்றி விழுகிற பிள்ளையைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்படுவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே, கையை ஊன்றக்கூட நேரமில்லாமல் முகம் தரையில் படும்படி விழுந்த பிள்ளை என்றால் அன்றைக்கே கரோனரியின் இரண்டு வாயையும் பார்க்காமல் அனுப்ப மாட்டேன். எக்கோவில் பிடிபடாவிட்டால் சிடி. அப்படி வந்த ஒரு சிறுமிக்கு இடது கரோனரி வலது குழிவிலிருந்து வந்தது. இது அரிதான, ஆபத்து கூடிய வகை. சுவருக்குள் ஓடிய பகுதியின் கூரையைத் திறந்துவிட்டார்கள். அந்த முடிவில் யாருக்கும் தயக்கமே இல்லை.

தயக்கம் மற்ற வகையில்தான். வலது கரோனரி இடது குழிவிலிருந்து வருவது இதைவிடப் பல மடங்கு சகஜம், ஆபத்தும் குறைவு. வேறு எதற்கோ எடுத்த எக்கோவில் தற்செயலாக மாட்டும். பதின்மூன்று வயதுப் பையன், கால்பந்து ஆடுகிறவன், ஒரு தொந்தரவும் இல்லை. ட்ரெட்மில் இயல்பு, மருந்து செலுத்தி எடுத்த எம்ஆர்ஐயிலும் ரத்தக்குறைவு இல்லை. அப்பா சிடி படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "டாக்டர், கண்டுபிடிச்சது நல்லதுக்கா கெட்டதுக்கா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

அல்காபாவில் கண்டுபிடித்துவிட்டால் அடுத்து என்ன செய்வது என்பதில் குழப்பமே இல்லை. இங்கே கண்டுபிடிப்பதிலிருந்துதான் குழப்பமே தொடங்குகிறது. சுவரைத் திறக்கும் அறுவையில் பக்கத்திலிருக்கும் மகாதமனி வால்வு பாதிக்கப்பட்டுக் கசியலாம். செய்யாமல் விட்டால், மிகச் சிறியதானாலும் ஓர் ஆபத்து இருந்துகொண்டே இருக்கும். பிஸ்டல் பீட் மாராவிச் பற்றிப் பலருக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்க என்பிஏவில் பத்து சீசன் கூடைப்பந்து ஆடியவர். 1988-இல் நாற்பது வயதில் நண்பர்களோடு ஆடிக்கொண்டிருந்தபோது சுருண்டு விழுந்து இறந்தார். பிரேதப் பரிசோதனையில் அவருக்கு இடது கரோனரியே இல்லை என்று தெரிந்தது. அவருடையது வேறு வகைக் கோளாறு என்றாலும், இந்தக் கதை இரண்டு பக்கமும் வெட்டும். இவ்வளவு பெரிய கோளாறோடு அவ்வளவு காலம் ஆடியிருக்கிறாரே என்று ஒருவர் சொல்லலாம். ஆடிக்கொண்டிருக்கும்போதுதானே போனார் என்று இன்னொருவர் சொல்லலாம்.

அமெரிக்க இதயச் சங்கங்கள் 2015-இல் வெளியிட்ட விளையாட்டு வழிகாட்டுதல், இந்த வலது வகையில் அறிகுறி எதுவும் இல்லாமல், உடற்பயிற்சிச் சோதனையும் இயல்பாக இருந்தால், எல்லாவற்றையும் விளக்கிச் சொன்ன பிறகு போட்டிகளில் அனுமதிக்கலாம் என்கிறது. பையனையும் உட்கார வைத்தேதான் பேசினேன். ஓடும்போது நெஞ்சு இறுகினாலோ கண் இருட்டினாலோ கோல் அடிக்கிற நேரமானாலும் நின்றுவிட வேண்டும், மறைக்கக் கூடாது என்றேன். மைதானத்தில் நின்றுபோன இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவி இருக்க வேண்டும், அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும் என்றேன். "சொன்னா டீம்லேர்ந்து எடுத்துடுவாங்களே" என்றான் பையன். எந்த எக்கோவைவிடவும் எனக்கு அதுதான் பயம் தந்தது. உடம்பு சொல்வதைக் கேட்கச் சொல்கிறோம், சொன்னால் நஷ்டம் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. அப்பாவுக்கும் பையனுக்கும் அந்த இடத்தில் ஒரு சின்ன வாக்குவாதம் நடந்தது. பயிற்சியாளருக்கு நானே கடிதம் எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் இருவரும் அடங்கினார்கள். ஆபரேஷன் இப்போது வேண்டாம், ஒவ்வோர் ஆண்டும் சோதனை என்று முடிவானது. எங்கள் அறுவை மருத்துவர் நேரெதிர்க் கட்சி. படத்தில் வாய் கீறலாக இருக்கிறது, சுவருக்குள் ஓடும் நீளமும் கொஞ்சம் அதிகம், இந்த வயதில் செய்துவிடுவதே மேல் என்கிறார். இருவர் சொன்னதையும் அப்பாவிடம் சொல்லியிருக்கிறோம்.

இவை அல்லாத வகைகளும் உண்டு, அவற்றுக்கு இவ்வளவு மனக்கஷ்டம் தேவையில்லை. இடது கரோனரியின் சுற்றுக்கிளை மட்டும் வலது பக்கத்திலிருந்து கிளம்பி மகாதமனிக்குப் பின்னால் சுற்றி வந்தால் குறித்துவைத்துவிட்டு விட்டுவிடலாம். கரோனரியிலிருந்து இதய அறைக்குள் ஓட்டை விழுந்த ஃபிஸ்டுலா பெரும்பாலும் ஸ்டெத்திலேயே இடைவிடாத சத்தமாகக் காட்டிக்கொடுத்துவிடும். பெரியதாக இருந்தால் கத்தீட்டர் என்னும் மெல்லிய குழாய் வழியே சுருள் கம்பி வைத்து அடைத்துவிடுவார்கள்.

அடுத்த வகுப்பில் அந்தப் பயிற்சி மருத்துவரிடம் இதையெல்லாம் சொன்னேன், இதைவிடச் சுருக்கமாக. ஒவ்வொரு குழந்தைக்கும் தேடு என்று நான் சொல்லவில்லை; ஒவ்வொரு வீட்டாரிடமும் அது எப்போது வருகிறது என்று கேள், உழைக்கும்போது என்றால் உன் முழு நேரத்தையும் அதற்குக் கொடு, வெளியே எவ்வளவு கூட்டம் இருந்தாலும் என்றேன். அவர் குறித்துக்கொண்டார். அப்புறம், "அந்தக் கால்பந்துப் பையனுக்குத் தம்பி யாராவது இருக்கிறானா மேடம்?" என்று கேட்டார். இருக்கிறான், ஒன்பது வயது, எந்தத் தொந்தரவும் இல்லை. ஒரே குடும்பத்தில் இரண்டு பேருக்கு இருந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன என்பதால் ஒரு முறை எக்கோ பார்த்துவிடலாம் என்பது என் பக்கம். இன்னொரு பதில் தெரியாத படத்தை அந்த வீட்டுக்குள் எதற்கு அனுப்புகிறீர்கள் என்பது பக்கத்து அறைச் சகாவின் பக்கம். அம்மா எக்கோவுக்குத் தேதி வாங்கிவிட்டார்.